ஹாம்னெட் சரி, ஜூடித்?

ஷேக்ஸ்பியர் தன் 11 வயது மகன் ஹாம்னெட்டை 1596 ஆகஸ்டில் பறிகொடுத்ததைக் கட்டுரையில் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அவனோடு இரட்டையாகப் பிறந்த ஜூடித்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தில் அதிகம் இழந்தவள் அவள்தான்.

1616 பிப்ரவரியில் தாமஸ் குவைனியோடு அவளுக்குக் கல்யாணம். அடுத்த மாதமே மாப்பிள்ளையின் வண்டவாளம் தேவாலய நீதிமன்றம் ஏறியது. அவனால் கர்ப்பமான வேறொரு பெண் பிரசவத்தில் இறந்து, குழந்தையோடு புதைக்கப்பட்டிருந்தாள். ஏப்ரலில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் முதல் பையன். அப்பாவின் குடும்பப் பெயரையே அவனுக்குப் பெயராக வைத்தாள்: ஷேக்ஸ்பியர் குவைனி. ஆறு மாதம்கூட அவன் தங்கவில்லை. மிச்சமிருந்த மகன்கள் ரிச்சர்டும் தாமஸும் 20 வயதையொட்டி, 1639இல், சில வாரங்கள் முன்னே பின்னே இறந்தார்கள். அதற்கப்புறமும் 23 வருஷம் உயிரோடு இருந்தாள் ஜூடித், 1662 வரை.

ஷேக்ஸ்பியர் தன் உயிலில் மனைவிக்கு 'இரண்டாவது நல்ல கட்டில்' எழுதிவைத்த கதையை எத்தனை பேர்தான் எழுதுவார்கள்? அதைவிட என் மனதில் நிற்பது 1611இல் எழுதிய ஒரு பத்திரம். சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஜூடித் பெயர் எழுதவில்லை. வளைத்து வளைத்து ஒரு குறி போட்டிருக்கிறாள். அவள் அப்பாவோ அந்தச் சமயத்தில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர்.