கழுவக் கழுவப் பரு போகாது
பரு இருந்தால் நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்பு போட்டுக் கழுவணும், க்ரீமே தடவக்கூடாது என்று இங்கே வந்திருக்கும் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். போன ஜனவரிக் குளிரில் என் மகள் அப்படித்தான் கழுவினாள். கன்னமெல்லாம் தோல் உரிந்து, சிரித்தால் வாயோரம் வெடித்தது, தாடையில் பரு மட்டும் அப்படியே நின்றது. தோல் டாக்டர் சோப்பை நிறுத்தச் சொன்னார். மென்மையான ஃபேஸ்வாஷ் 2 வேளை, ராத்திரி முகம் நன்றாகக் காய்ந்தபின் மாய்ஸ்சரைசர், அதற்குமேல் பட்டாணி அளவு அடாபலீன் (பருவுக்கான மருந்து) 0.1 சதவீத ஜெல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இந்த ஜெல் தடவி 10 நாளாகியும் பலனில்லை என்று மேலே கருத்து எழுதியிருக்கும் தம்பி, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், இதற்கு 8 முதல் 12 வாரம் பிடிக்கும், ஆரம்பத்தில் பரு கொஞ்சம் கூடினாலும் கூடும். கர்ப்பிணிகள் மட்டும் இந்த ஜெல்லைத் தொடவே வேண்டாம்.