அந்த 'ரத்து செய்' எதை ரத்து செய்கிறது?

தீபாவளிக்கு ஊருக்குப் போக அம்மா ஒரு மாதம் முன்பே பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். சென்னையிலிருந்து திருநெல்வேலி, கீழ் பெர்த். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, சீட் நம்பரைப் பார்க்கலாம் என்று ஆப்பைத் திறந்திருக்கிறார். விரல் எங்கேயோ பட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. 'இந்தப் பயணத்தை ரத்து செய்ய விரும்புகிறீர்களா?' கீழே இரண்டு பட்டன்கள்: 'சரி', 'ரத்து செய்'.

டிக்கெட் ரத்தாகக் கூடாது என்பதுதான் அம்மாவின் எண்ணம். அதனால் 'ரத்து செய்' என்றிருந்த பட்டன் பக்கமே போகாமல், 'சரி'யை அமுக்கினார். டிக்கெட் போய்விட்டது. பிடித்தம் போக மீதிப் பணம் வந்தது. ஆனால் தீபாவளி வாரத்தில் வேறு சீட்டுக்கு எங்கே போவது? இரண்டு நாள் அலைந்து, கடைசியில் பின் வரிசையில் உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்தார். 68 வயதில்.

அன்றிலிருந்து அம்மா அந்த ஆப்பைத் தொடுவதில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே போட்டுக் கொடுத்துடு" என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. எழுதியிருந்ததைப் படித்தார், புரிந்துகொண்டார், யோசித்து அமுக்கினார். தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பார்கள்.

புரோகிராம் எழுதுகிறவருக்கு 'கேன்சல்' என்றால் 'இந்தப் பெட்டியை மூடு, நான் எதையும் செய்யச் சொல்லவில்லை' என்று பொருள். வெளியே இருக்கிற நமக்கு 'கேன்சல்' என்றால் டிக்கெட் கேன்சல், ஆர்டர் கேன்சல். மற்ற இடங்களில் இந்த இரண்டு பொருளும் மோதிக்கொள்வதில்லை. ரத்து செய்வதைப் பற்றியே கேள்வி வரும்போது மட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன.

இது எப்படி வந்தது என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் 'கன்ஃபர்ம்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே வரி எழுதினால் போதும், பிரவுசரே ஒரு பெட்டியைக் காட்டிவிடும். கேள்வியை நாம் எழுதலாம். பட்டன்கள் மட்டும் எப்போதும் 'ஓகே', 'கேன்சல்' தான், அந்தச் சொற்களை மாற்ற வழியே கிடையாது. விண்டோஸின் பழைய மெசேஜ் பாக்ஸும் அதே ரகம்: 'எஸ், நோ', 'ரீட்ரை, கேன்சல்', 'அபார்ட், ரீட்ரை, இக்னோர்' என்று ஏற்கெனவே தைத்து வைத்த சட்டைகள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் அவற்றில் ஒன்றைத்தான் மாட்டிவிட வேண்டும். விண்டோஸ் விஸ்டா வந்தபோதே, நாம் விரும்பும் சொல்லைப் பட்டனில் எழுதிக்கொள்ளும் பெட்டியை மைக்ரோசாஃப்ட் கொடுத்துவிட்டது. பிரவுசரிலும் நம் பெட்டியை நாமே செய்துகொள்ளலாம். தடை போனது, பழக்கம் போகவில்லை.

'ஓகே' என்ற சொல் பட்டனுக்கு வந்த கதையும் இங்கே சொல்ல வேண்டியது. ஆப்பிள் 1983ல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பட்டனில் 'டூ இட்', அதாவது 'செய்' என்றுதான் எழுதியிருந்தார்கள். சாதாரண ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தபோது சிலர் அந்த இடத்தில் தயங்கினார்கள். இரண்டு சொல்லுக்கு நடுவே இருந்த இடைவெளி கண்ணில் படவில்லை. அந்த எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ', சின்ன 'எல்' மாதிரியே தெரிந்தது. அதனால் 'டோல்ட்' என்று படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மண்டு என்று அர்த்தம். உடனே 'ஓகே' என்று மாற்றினார்கள். பக்கத்தில் இருந்து கவனித்ததால் தெரிந்தது, தெரிந்ததும் மாற்றினார்கள். எங்கள் பஸ் ஆப்பைச் செய்தவர்கள் ஒரே ஒரு தமிழ் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்திருந்தால், அரை மணி நேரத்தில் இது பிடிபட்டிருக்கும்.

டிக்கெட்டோடு போகிற சமாச்சாரமும் இல்லை இது. 2018 ஜனவரி 13 காலையில் ஹவாய் மக்களின் போன்களில் ஏவுகணை வருகிறது என்று எச்சரிக்கை வந்தது. அது தவறு என்ற திருத்தம் போய்ச்சேர 38 நிமிடம் ஆனது. அனுப்பிய ஊழியர் தாக்குதல் நிஜம் என்று நம்பியே அனுப்பியதாகப் பின்னால் சொன்னார், ஆகவே பெட்டியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விசாரணையில் ஒன்று தெரியவந்தது. ஒத்திகையாக இருந்தாலும் நிஜமாக இருந்தாலும் அந்த மென்பொருள் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: இந்த எச்சரிக்கையை நிச்சயமாக அனுப்ப வேண்டுமா? எந்த எச்சரிக்கை என்று அது சொல்லவே இல்லை.

எனக்கு அதிக ஆதங்கம் தமிழைப் பற்றித்தான். 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்கிறோம். 'நாளைக்கு வருவீர்களா?' என்றால் 'வருவேன்'. கேள்வியில் உள்ள வினையையே எடுத்துப் பதில் சொல்வது நமக்குப் பால்குடி வழக்கம். பட்டனில் வினைச்சொல்லை எழுது என்று வடிவமைப்பாளர்கள் இன்று பாடம் எடுப்பதை நாம் திண்ணையில் உட்கார்ந்தே செய்துகொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு 'கோப்பை அழிக்க வேண்டுமா? ஆம் / இல்லை' என்று எழுதுகிறோம். வேண்டுமா என்று கேட்டால் வேண்டும், வேண்டாம் என்பதுதானே பதில்? ஆங்கிலத்தில் 'இல்லை', 'வேண்டாம்' இரண்டுக்கும் ஒரே 'நோ'. நம்மிடம் இல்லை வேறு, வேண்டாம் வேறு. எதிர்மறையாகக் கேட்டால் இன்னும் சிக்கல். 'சேமிக்க வேண்டாமா?' என்பதற்கு 'ஆமாம்' என்றால் நமக்கு 'ஆமாம், வேண்டாம்'. ஆங்கிலத்தில் 'எஸ்' என்றால் பெரும்பாலும் நேர் எதிர்.

மொழிபெயர்ப்பவர்கள் மீது முழுப் பழியையும் போட முடியாது. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவதில் நானும் சில வருடம் இருந்தேன். நம் கைக்கு வருவது ஒரு நீளமான பட்டியல். அதில் 'கேன்சல்' என்று தனியாக ஒரு வரி. எந்தத் திரை, எந்தக் கேள்விக்குக் கீழே என்று எதுவும் இருக்காது. 40 இடத்தில் அந்தச் சொல் வந்தாலும் ஒரே தமிழ்ச் சொல்தான் எல்லா இடத்துக்கும் போகும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் குறிப்பு கொடுக்க, மென்பொருளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவியில் வசதி இருக்கிறது. ஆனால் மூல நிரலை எழுதுகிறவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதபோது நானும் 'ரத்து செய்' என்றே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அந்தச் சொல் யார் வீட்டு அம்மாவின் விரலுக்குக் கீழே போய் நின்றதோ!

வேண்டுமென்றே குழப்புகிறவர்களுக்கு இப்போது விதி உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. குழப்பும் கேள்வி கேட்பதும் அதில் ஒன்று. கவனக்குறைவுக்கு விதி எழுத முடியாது. செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். பெட்டியைச் செய்து முடித்ததும் கேள்வியைக் கையால் மறைத்துவிட்டு, பட்டன்களை மட்டும் படித்துப் பாருங்கள். எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்று தெரிகிறதா?

போன வாரம் அம்மாவிடமே கேட்டேன். "டிக்கெட் வேணும்னா எந்த பட்டனை அமுக்கணும், அதுல என்னம்மா எழுதியிருக்கணும்?" யோசிக்கவே இல்லை அவர். "இருக்கட்டும்னு எழுதணும்" என்றார்.