சாம்பிராணிப் புகையும் அசல் ஆங்கிலிக்கனும்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய வெள்ளியன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் குழு அது. எங்கள் சபை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. அன்று எங்கள் சபையில் பெரிய மரச்சிலுவை ஒன்றை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஜனங்கள் வரிசையாகப் போனார்கள். சிலர் முழங்காற்படியிட்டார்கள், சிலர் முத்தமிட்டார்கள். ஒரு தங்கச்சி அதைப் படமெடுத்துக் குழுவில் போட, அடுத்த நிமிடமே ஓர் அண்ணனிடமிருந்து வந்தது: "இது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில். ஆங்கிலிக்கன் என்று போர்டு மாட்டிவிட்டால் ஆயிற்றா?" அண்ணன் போன வருஷமே இங்குள்ள இன்னோர் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிவிட்டவர். அங்கே தூபம் கிடையாது, மணி கிடையாது, பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது, பிரசங்கம் மட்டும் முக்கால் மணி நேரம். அதுதான் அசல் என்பது அவர் கட்சி.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். எனக்குச் சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். 192 அடிக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. எங்கள் ஊர்க் கோயிலில் மேசை, வெறும் சிலுவை, வேதப்புத்தகம், வெள்ளை அங்கியில் ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்), அவ்வளவுதான். இங்கே முதல் ஞாயிறு உள்ளே நுழைந்ததும் சாம்பிராணி மணம் மூக்கில் ஏறியது. பொன்சரிகை வைத்த பச்சை அங்கி, கிண்கிணி மணி, எல்லார் கையும் நெற்றிக்கும் மார்புக்கும் போய் வருகிறது. "தப்பான கோயிலுக்கு வந்துட்டோம்" என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன். நடுவில் நைசாக வெளியே போய்ப் போர்டைப் படித்துவிட்டு வந்தார். சரியான கோயில்தான்.

பக்கத்தில் ஓர் ஆன்ட்டி. எண்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், பெயர் தமிழ், பேச்செல்லாம் ஆங்கிலம். ஆராதனை முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "நீ ஏன் பீடத்துக்குத் தலை குனியவே இல்லை? உங்கள் ஊரில் ஆண்டவருக்கு மரியாதை கொடுக்க மாட்டீர்களா?" நான் அவரை ஆர்.சி. என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னை மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருக்கிறார்!

அந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. எது சரியான ஆராதனை என்று நாம் எங்கே கற்றோம்? திருநெல்வேலிச் சீமையில் ஒரு பக்கம் சி.எம்.எஸ்., ஒரு பக்கம் எஸ்.பி.ஜி. இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரி சங்கங்கள்தான், வாசனைதான் வேறு: முன்னது எளிமை, பின்னது சடங்குப் பக்கம் கொஞ்சம் சாய்வு. எங்கள் மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்., நாசரேத் எஸ்.பி.ஜி. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் எங்கள் ஆச்சி எஸ்.பி.ஜி.க்காரர்களைப் பற்றிப் பேசினால் "மெழுகுவர்த்திக்காரங்க" என்றுதான் சொல்வாள். இதில் வேடிக்கை, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து சி.எம்.எஸ். வேலையை ஊன்றிய ரேனியஸ் ஐயரே லூத்தரன் பின்னணிக்காரர். ஆங்கிலிக்கன் முறைமைகளைக் குறை சொல்லி எழுதியதற்காக 1835இல் சங்கம் அவரை விலக்கிவிட்டது. நமக்கு அசல் ஆங்கிலிக்கன் சொல்லிக்கொடுத்தவர் கதை இது.

டர்பன் தமிழர்களுக்கு வேறு வழியாக வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களுக்கு மருத்துவராக இருந்த பூத் என்பவர் பிறகு குருப்பட்டம் பெற்று செயின்ட் எய்டன்ஸ் மிஷனை நடத்தினார். காந்தி தினமும் ஓரிரு மணி நேரம் மருந்து கலந்து கொடுத்தாரே, அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இவருடையதுதான். ஆன்ட்டியின் குடும்பத்துக்கு ஞானஸ்நானம் அந்த மிஷனில். நான் ஆச்சியிடமிருந்து வாங்கியதுபோல அவர் தன் ஆயாவிடமிருந்து வாங்கினார்.

சரி, அண்ணன் கட்சிக்கு வருவோம். தன் சபைதான் வேதத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்திருக்கிறது என்கிறார். அதன் வேரைத் தேடினால் கதை டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியிலேயே இருக்கிறது. இங்கே முதல் பேராயர் கொலென்சோ. கணக்கு வாத்தியார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அவருடைய எண்கணிதப் புத்தகம்தான் ஓடியது. நோவாவின் பேழைக் கதையை ஜூலுவில் மொழிபெயர்க்கும்போது, கூட உதவிய வில்லியம் நிகிடி என்ற ஜூலுக்காரர் "இதெல்லாம் உண்மையாகவே நடந்ததா?" என்று கேட்டுவிட்டார். பேராயரால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான மோசேயின் ஆகமங்களில் வரும் தொகைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று 1862இல் புத்தகமே போட்டார். கேப்டவுன் பேராயர் கிரே மறுவருஷம் அவரைப் பதவி நீக்கினார், அது செல்லாது என்று லண்டனில் 1865இல் தீர்ப்பு வந்தது. கிரே விடவில்லை, போட்டிக்கு இன்னொரு பேராயரை அனுப்பினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்கிற ஒரே ஊரில் இரண்டு பேராயர், இரண்டு பேராலயம்.

1870இல் கிரே தரப்பு தனித் திருச்சபை மாகாணமாக அமைந்தது. அதுதான் நான் போகும் சபை. அதில் சேர மறுத்தவர்களில் கொலென்சோவின் ஆட்களும் உண்டு, அண்ணன் இன்று போகும் சபையின் வேர் அந்த மறுத்த கூட்டத்தில்தான். அதாவது வேதத்தில் ஓர் எழுத்து மாறக்கூடாது என்கிற சபைக்கு, வேதத்தில் கணக்கு உதைக்கிறது என்று சொன்ன பேராயர் பாட்டன் முறை! குழுவில் இதை எழுதினேன். அண்ணன் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி, மழுப்ப முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளைச் சொல்லும் 39 பிரமாணங்களில் 28ஆவது, திருவிருந்தின் அப்பத்தை எடுத்து வைப்பதும் உயர்த்திக் காட்டுவதும் தொழுவதும் கிறிஸ்துவின் கட்டளை அல்ல என்கிறது. எங்கள் குருவானவர் ஒவ்வொரு ஞாயிறும் உயர்த்துகிறார், மணி அடிக்கிறது. எழுத்தின்படி பார்த்தால் அண்ணன் கேஸ் ஜெயிக்கும். இங்கிலாந்தில் இதற்கே 1874இல் ஒரு சட்டம் போட்டு, மெழுகுவர்த்தி, அங்கி விவகாரங்களில் ஐந்து குருமாரைச் சிறையில் தள்ளினார்கள். ஆன பயன் ஒன்றுமில்லை. சிறைக்குப் போனவர்களுக்கு ஆதரவுதான் கூடியது.

நான் அண்ணனிடம் கேட்பது வேறு. அப்பத்தைக் கையில் வைக்கும்போது ஐயர் என்ன சொல்கிறார் என்று கவனித்திருக்கிறாரா? இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஜெபப் புத்தகத்தில், உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம் உன் ஆத்துமாவையும் சரீரத்தையும் காப்பதாக என்ற பொருளில் ஒரு வாக்கியம். இது பழைய கத்தோலிக்க மார்க்கத்து வாசனை என்று 1552இல் அதைத் தூக்கிவிட்டு, கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைத்து இதை வாங்கிப் புசி என்று மாற்றினார்கள். 1559இல் எலிசபெத் ராணி காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். இது சரீரம் என்பவனுக்கும் நினைவுகூர்தல் என்பவனுக்கும் ஒரே மூச்சில், பீடத்தின் ஒரே கம்பித் தடுப்புக்கு முன்னால். அண்ணன் சத்தியம் பண்ணும் 1662 ஜெபப் புத்தகத்திலும் அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது. ஒட்டுப்போட்ட துணி என்று சிரிப்பார்கள் சிலர். சிரிக்கட்டும். ஆன்ட்டியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட இடம் கொடுத்தது அந்த ஒட்டுதான்.

அப்புறம் அந்தத் தங்கச்சியை மடக்க அண்ணன் இன்னொன்று சொன்னார்: புகை போடுகிறவர்களுக்குச் சடங்குதான் தெரியும், நியாயம் தெரியாது என்று. அதுதான் எனக்குக் கோபம். கறுப்பர்கள் வெள்ளையர் பகுதிக் கோயில்களுக்கு வருவதைத் தடுக்க 1957இல் அரசு சட்டம் கொண்டுவந்தபோது, இதற்குக் கீழ்ப்படிய எங்களால் முடியாது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் கேப்டவுன் பேராயர் கிளேட்டன். அன்று மார்ச் 6, சாம்பல் புதன். மறுநாள் இறந்துபோனார். நம்மவர் கதை வேண்டுமா? செயின்ட் எய்டன்ஸ் பள்ளியில் வாத்தியாராக இருந்த பெர்னார்ட் சிகாமணி, டர்பன் இந்தியத் தொழிலாளர்களுக்கு 1917இல் சங்கம் கட்டியவர்களில் ஒருவர். பிறகு குருவானார், ஜோகன்னஸ்பர்க்கில் ஊழியம் செய்தார். இந்தப் புகைக்குள்தான்.

அண்ணன் எந்தச் சபைக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. முக்கால் மணி நேரப் பிரசங்கம் கேட்கிற பொறுமை அவருக்கு இருக்கிறது, எனக்கில்லை. எனக்கும் இங்கே எல்லாம் பிடித்துவிடவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் கோயில் முழுக்க நடந்து கட்டிப்பிடித்துப் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள், ஊரில் கைகூப்பி வாங்கிப் பக்கத்தாளுக்குக் கொடுப்பதோடு சரி. இன்றுவரை நான் சிலுவை அடையாளம் போடுவதில்லை. கை வரவில்லை. ஆன்ட்டியும் கேட்பதை விட்டுவிட்டார்.

வருகிற ஞாயிறு என் மகன் முதல்முறையாகச் சாம்பிராணிக் கிண்ணம் பிடிக்கப் போகிறான். அம்மாவிடம் வீடியோ காலில் சொல்லத் தயங்கித் தயங்கி, நேற்றுதான் சொன்னேன். நீளமான அங்கியில் அவனைக் காட்டினேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போச்சு, ஆர்.சி. புராணம் தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அங்கி பாலியஸ்டர் மாதிரி இருக்கே. கங்கு தெறிக்காம தள்ளி நிக்கச் சொல்லு" என்றாள்.