சுகர் குட் கன்ட்ரோலாம்!

மூன்று நாளாக எல்லார் ஃபேஸ்புக் சுவரிலும் சுற்றுகிறதே ஒரு மருந்துச் சீட்டு, அதைப் பற்றித்தான். 62 வயது அம்மா, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த கிரியேட்டினைன் 1.4, எக்கோவில் இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதம், கால் வீக்கம். சீட்டில் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, பியோகிளிட்டசோன், மெட்ஃபார்மின் மட்டும் நாளுக்கு 2000 மில்லிகிராம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக். அடியில் 'சுகர் குட் கன்ட்ரோல்'.

"டாக்டரா, கசாப்புக்காரரா?" என்று திட்டித் தீர்த்தாச்சு. சரி, அவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

1.4 பார்க்கச் சாதுவான எண்தான். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், 42-ஐ ஒட்டி வரும். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைப் பாதியாக்கி 1000-த்தில் நிறுத்தணும், 30-க்குக் கீழே கூடவே கூடாது. பியோகிளிட்டசோன் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பலவீனமான இதயத்துக்கு ஆகாது. டைக்ளோஃபெனாக் கிட்னி, இதயம் இரண்டுக்கும் கெடுதல். கால் வீக்கமே இந்த மாத்திரைகளால் வந்திருக்கலாம். அடுத்த முறை அதற்கும் ஒரு நீர் மாத்திரை எழுதுவார்கள், பாருங்கள்.

சர்க்கரை எண்ணுக்கு வைத்தியம் பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். திரும்பவும் சொல்கிறேன், எண்ணுக்குத்தான்.

"டாக்டர்களுக்கான தொடர் பயிற்சிக் கூட்டம், சி.எம்.இ. நடக்குதே?" நடக்குது. ஆய்வு ஆய்வாக ஸ்லைடு ஓடும், பிறகு பஃபே. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை 10 மில்லிகிராம் கிட்னியையும் இதயத்தையும் காக்கும் என்று கைதட்டிவிட்டு வருவார்கள். ஆரம்பித்த சில வாரத்தில் கிரியேட்டினைன் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரை ஏறினால் பயப்பட வேண்டாம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 1.4 போய் 1.6 ஆனதும் பதறிப்போய் நிறுத்திவிடுவார்கள். போச்சு! வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்தணும், ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தணும், சர்க்கரை 180-தான் இருந்தாலும் ரத்தம் அமிலமாகலாம், கிளிமிபிரைடு அளவைக் குறைக்காவிட்டால் லோ சுகர் வரும், பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வந்தால் அந்த அம்மா ஆண் டாக்டரிடம் வாயே திறக்க மாட்டார். இதையெல்லாம் எந்த ஸ்லைடில் பார்த்தீர்கள்? பத்து மருந்துச் சீட்டை மேசையில் போட்டு, "இதில் எதை வெட்டுவீர்கள், எதைச் சேர்ப்பீர்கள், எப்போது திரும்ப ரத்தம் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதுதான் பயிற்சி.

"ஓ.பி.யில் நூறு பேர், நேரம் எங்கே?" நியாயம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

"நீ மருந்துக் கம்பெனி ஆள்." இதைத்தான் எதிர்பார்த்தேன். டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020-லேயே முடிந்துவிட்டது. இன்று அதைத் தயாரிக்காத கம்பெனியைத் தேடணும். இதில் எனக்கு எவன் கமிஷன் தருவான்? மெட்ஃபார்மினைக் குறை, டைக்ளோஃபெனாக்கை நிறுத்து என்றும்தானே எழுதியிருக்கிறேன், அதற்கு எந்தக் கம்பெனி காசு கொடுத்ததாம்? விஷயம் தெரிந்தவன் வாயைத் திறந்தாலே விலைபோனவன் என்றால், அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் ஆவாரம்பூ கஷாயத்தையே குடித்துக்கொள்ளுங்கள் சாமி.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினைன் விகிதம் 30-ஐத் தாண்டினாலே கிட்னிக்கு மட்டுமில்லை, இதயத்துக்கும் ஆபத்து மணி. ஒரு சின்ன டப்பா சிறுநீர் போதும், சில நூறு ரூபாய். அந்தப் பதிவின் கீழே டாக்டர்களே எத்தனை பேர் வந்து கொந்தளித்தீர்கள்? அந்த அம்மாவுக்கு ஆல்புமின் எவ்வளவு என்று ஒருத்தர்கூடக் கேட்கலையே.