பந்தே வராதவனிடம் கோல் கேட்கிறீர்கள்

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் நடந்த உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வென்ற மெட்ச், பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் 9ஆம் நம்பரைக் கேலி செய்து போட்ட படம் நேற்று இரவு இன்னொரு வட்ஸ்அப் குழுவிலும் வந்து விழுந்தது. கீழே சிரித்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள், நான் எழுதுவதை வாசிக்கிறவர்கள். அதனால் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் 9ஆம் நம்பர், முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டிய பொடியன், இந்த சீசனில் இன்னும் கோல் அடிக்கவில்லை. உண்மை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவனுக்குப் பந்து எங்கே வந்தது?

போன வருசம் இதே பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அப்போது அவன் முன்னால் தனியாக நிற்கவில்லை, பக்கத்தில் இன்னொரு போர்வார்ட் இருந்தான். ஒருவன் ஸ்டொப்பரை, அதாவது கோலுக்கு முன் நடுவில் நின்று தடுப்பவனை, வெளியே இழுப்பான், மற்றவன் அந்த இடைவெளிக்குள் ஓடுவான். வலது விங்கில் இருந்து பந்து தாழ்வாக உள்ளே வரும். அந்தக் கூட்டாளிக்கு இப்போது கத்தாரில் வேலை. அவன் போனதும் கோச் ஆட்டத்தையே மாற்றிவிட்டார். முன்னால் ஒரே ஆள், நடுவில் ஐந்து பேர். விங்கர்கள் இரண்டு பேரும் பெக்குகளுக்கு உதவியாகப் பின்னால் நிற்கிறார்கள். பந்து கிடைத்தால் பின்னாலிருந்து நேரே ஒரு லோங் போல்.

அதுவும் இந்தக் கச்சான் காற்றில். காற்றோடு அடித்தால் பந்து அவனைத் தாண்டிக் கீப்பரின் கைக்குப் போகிறது. எதிர்க்காற்றில் அடித்தால் பாதி வழியில் நின்று விழுகிறது, ஸ்டொப்பர் ஓடிவந்து தலையால் தட்டிவிடுகிறான். இவன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேர் மேலே ஏற, பந்தை நெஞ்சில் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது? கிட்டத்தில் ஒருவனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோலை வீடியோவில் இன்னொரு தரம் பாருங்கள். இடது விங்கரின் கோல், அருமையான கோல், அவனுக்கு என் பாராட்டு. ஆனால் பந்து விங்கரின் காலுக்கு வருவதற்கு முன் எங்கள் 9 என்ன செய்கிறான் என்று பாருங்கள். கிட்டக் கம்பத்தை நோக்கி முழு வேகத்தில் ஓடுகிறான். ஸ்டொப்பர் அவன் பின்னால் போகிறான். ரைட் பெக்கும் பயந்துபோய் இரண்டு அடி உள்ளே வருகிறான். விங்கருக்கு இடம் கிடைத்தது அதனால்தான். ஆளை இழுத்துக்கொண்டு போனவனைத்தான் கொஞ்ச நேரத்தில் மாற்றி வெளியே எடுத்தபோது கூவினீர்கள்.

2018 உலகக் கிண்ணத்தில் பிரான்சின் 9ஆம் நம்பர் ஒலிவியர் ஜிரூட். ஏழு மெட்சிலும் இறங்கினார். கோல் இல்லை என்பதை விடுங்கள், கோலை நோக்கிச் சரியாகப் போன ஒரு அடிகூட இல்லை. எம்பாப்பேயும் கிரீஸ்மனும் ஆளுக்கு நான்கு கோல் அடித்தார்கள், கிண்ணம் பிரான்சுக்கு. எதிரணியின் பெரிய ஸ்டொப்பர்களை அவர் தன்னோடு கட்டி வைத்திருந்ததால்தான் அவர்களுக்கு ஓட இடம் இருந்தது. பிரான்சுக்காக 57 கோல் அடித்த மனிதர் அவர், கோலடிக்கத் தெரியாதவர் இல்லை.

ரியல் மட்ரிட்டில் ஆடிய காலத்து பென்ஸிமாவை எடுங்கள். 2017-18 சீசனில் ஸ்பானிய லீக்கில் 5 கோல்தான். சொந்த மைதானத்திலேயே விசிலடித்தார்கள். ரொனால்டோவுக்கு வழிவிட்டு ஆடுவதுதான் அவர் வேலையாக இருந்தது. ரொனால்டோ போனார், அடுத்த சீசனில் அதே கால் 21 கோல் அடித்தது. 2022இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதும் வாங்கினார்.

ஸ்பெயின் போர்வார்ட் டொரஸ் பற்றிக் கேட்பீர்கள். லிவர்பூலில் ஜெராட் பின்னாலிருந்து பந்தைத் திறந்த இடத்துக்குள் விட, ஓடிப்போய் அடித்தவர். 2011 ஜனவரியில் 50 மில்லியன் பவுணுக்கு செல்சிக்குப் போனார். முதல் கோலுக்கு ஏப்ரல் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழங்கால் சத்திரசிகிச்சையும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓடிப் பழகிய இடமும் அங்கே இல்லை.

"அவர்களெல்லாம் உலக வீரர்கள், இது திருகோணமலை" என்று ஒரு நண்பர் ஏற்கனவே இன்பொக்ஸில் வந்துவிட்டார். சரி. பந்து இல்லாமல் கோல் அடிக்க முடியாது என்பது திருகோணமலைக்கு மட்டும் மாறிவிடுமா?

"இரண்டாம் பாதியில் கிடைத்த அந்தச் சான்ஸ்?" என்று கேட்கிறீர்கள். அதுவரை முழு நேரமும் வெயிலில் தனியாக இரண்டு ஸ்டொப்பர்களைத் துரத்தியவன். பந்து ஒருமுறை குத்தி, அவனுடைய இடது காலுக்கு எழும்பி வந்தது. கீப்பர் வெளியே வந்துவிட்டான். அடித்திருக்கலாம்தான். முழு மெட்சிலும் ஒரே ஒரு பந்து வந்தால், அந்த ஒன்றில் கால் நடுங்கும். ஐந்து வந்தால் நடுங்காது. முன்னால் ஆடிய யாரையும் கேட்டுப் பாருங்கள்.

கோச்சைக் குறை சொல்கிறேனா? அவர் சம்பளம் வாங்காமல் பின்னேரங்களைக் கொடுக்கிற மனிதர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஆட்டத்தால் நாங்கள் கோல் வாங்குவது குறைந்திருக்கிறது, அதுவும் சரி. ஆனால் கோல் வாங்கவில்லை என்ற பெயர் கோச்சுக்கு, கோல் அடிக்கவில்லை என்ற ஏச்சு பொடியனுக்கா? இரண்டும் ஒரே முடிவில் இருந்து வந்தவை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நானும் முன்னால் ஆடியவன். ஒரு சீசன் முழுக்க எதிரணியின் நடு ஆட்டக்காரனை ஒட்டிக்கொண்டு நில் என்றார்கள், நின்றேன். கோல் நின்றுபோனது. 'வேலிக்கட்டை' என்று பட்டம் வைத்தார்கள். மீன் மார்க்கெட்டில் அப்பாவோடு நின்றபோது ஒருவர் பலமாகக் கேட்டார், "வேலிக்கட்டை இந்தக் கிழமையாவது அசையுமா?" என்று. அப்பா ஒரு சூரையின் செவுளைத் தூக்கி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுக்கவில்லை, நிமிரவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னுடைய மெட்ச் பார்க்க வரவேயில்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். 'காணவில்லை' என்று போட்டு, அவன் முகத்தை ஒட்டி, கீழே வயதும் உயரமும் எழுதி. இந்த ஊரில் அப்படி ஒரு படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருந்த அம்மாமாரை நீங்கள் பார்த்ததே இல்லையா? கோலுக்காகவா அதை எடுத்தீர்கள்? அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறார், அவர் கையிலும் போன் இருக்கிறது. பகல் முழுக்க ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கிவிட்டு, பின்னேரம் பூட்ஸ் கட்டுகிற பிள்ளையை இப்படிச் செய்தால், அடுத்த வருசம் அவனும் கத்தாருக்குப் போவான். அதற்குப் பிறகு ஊரில் உதைபந்தாட்டம் செத்துவிட்டது என்று நீங்களே பதிவு போடுவீர்கள்.

பகிடிக்குப் போட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோச்சும் இதை வாசிப்பார் என்று தெரியும். அண்ணே, வருகிற மெட்சில் வலது விங்கரை மேலே விடுங்கள். பெஞ்சில் இருக்கிற அந்தச் சின்னப் பொடியனை இவனுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்னாலிருந்து தூக்கி அடிக்காமல், முதல் பாதியிலாவது பந்தைத் தரையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படியும் அடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள், நான் ஒன்றும் கதைக்க மாட்டேன்.