போகலாமாம்!

மாரி மழை பிடித்தால் யாழ்ப்பாணத்தில் வழி விசாரிப்பதே பெரும்பாடு. "தண்ணீர் நிற்கிறது, ஆனால் போகலாம்" என்கிறார்கள். எதில் போகலாம்? சொல்பவர் உழவு இயந்திரத்தில் இருக்கிறார். என்னிடம் இருப்பதோ தரையை உரசும் சின்னக் கார். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்துவிட்டால் பரந்தன், கண்டாவளைப் பக்கத்தை நம்ப முடியாது. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி சுற்றிப் போ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வீதி கிடக்கும் கிடை யாருக்குத் தெரியும்?

கைபேசி வரைபடம் இன்னும் மோசம். முழங்கால் வெள்ளம் நிற்கிற ஒழுங்கைக்குள் திரும்பச் சொல்கிறது. வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாத கலங்கல். மதகு உடைந்த இடத்தில் யாரோ புண்ணியவான் நட்ட பூவரசங் கிளையையும் பஸ் கிளப்பிய அலை சாய்த்துவிட்டது. காலையில் எடுத்த படத்தையே இரவுவரை பகிர்கிறார்களே, எடுத்த நேரத்தையும் தண்ணீரின் உயரத்தையும் எழுதினால் கை தேய்ந்துவிடுமா?