விளையாட்டுச் சாமான் இல்லைங்க, வேலைச் சாமான்

நேற்று ஊர் குரூப்பில் என் கடை மேசையைப் போட்டோ எடுத்துப் போட்டு "காக்கா கடையில கேம் ஓடுது" என்று எழுதியவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், அது நான்தான்). யாரென்று எல்லோருக்கும் தெரியும். கீழே விழுந்து விழுந்து சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டு நிக்காஹ் பத்திரிகை அந்த மேசையில்தான் அடித்தது என்பது எனக்கும் தெரியும்.

போட்டோவில் இருப்பது கேமிங் கீபேட், கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்த ஒரு கை விசைப்பலகை. ரேசர் கம்பெனியின் டார்டரஸ். மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. ஆமாம், கலர் லைட் எரியும். அணைக்க வழி இருக்கிறது, அணைக்க மாட்டேன். கீபோர்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு இதில்தான் வேலை பார்க்கிறேன். திரும்பச் சொல்கிறேன், வேலை.

என் தொழில் டிடிபி, கம்ப்யூட்டரில் எழுத்தடித்துப் பக்கம் அமைப்பது. அது தெரிந்தவர்களுக்குப் புரியும். பத்திரிகை வடிவமைக்கும் கோரல் டிராவில் உட்கார்ந்தால் வலது கை மவுஸை விட்டு நகராது. பெரிய கீபோர்டு என்றால் அந்த நம்பர் கட்டத்தையும் தாண்டித்தான் மவுஸ் இருக்கும். கையை அகட்டி அகட்டி மக்ரிப் தொழுகை நேரத்துக்குள், அந்தி சாய்வதற்குள், தோள்பட்டை கழன்றுவிடும். இது இடது கைக்கு அடியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. சுமார் இருபது விசை, கட்டைவிரலுக்கு ஒரு திசைப்பட்டை, ஒரு சக்கரம். எந்த விசையில் என்ன வர வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையை வைத்திருக்கிறேன். மெய்யெழுத்து 18-ம் விசைகளில். கட்டைவிரலை அழுத்திக்கொண்டால் அதே விசைகள் உயிரெழுத்தாகிவிடும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும். புள்ளியைத் தமிழ்99 தானே வைத்துக்கொள்ளும். இதில் எங்கே வருகிறது கேம்?

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவன் வேகம் இதில் வருமா?" வராது. சரி, ஒத்துக்கொள்கிறேன். பத்துப் பக்கப் பத்திரம் என்றால் அவர்தான் ஜெயிப்பார். என்னிடம் பத்துப் பக்கப் பத்திரம் எவ்வளவு வருகிறது?

"நீங்க இல்லாத நேரத்தில் வேறு ஆள் எப்படி அடிப்பான்?" அடிக்க வேண்டாம். என் கடை.

"விளையாட்டுக்குச் செய்ததை ஏன் வேலைக்கு வைக்கணும்?" இதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்துக்கு அதைச் செய்து காட்டினார். வலது கையில் மவுஸ். இடது கையில் என்ன தெரியுமா? ஐந்தே விசை உள்ள சின்னக் கட்டை. ஒவ்வொன்றாகவும், இரண்டு மூன்று என்று ஐந்து வரை சேர்த்தும் அழுத்தினால் 31 விதம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, கூட்டிப் பாருங்கள்! அந்த மனுஷனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கணக்கு நமக்காகவே போட்ட மாதிரி இருக்கிறது. உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது, இடது கைக் கட்டையை விட்டுவிட்டது. நான் பண்ணுவது ஒன்றும் புதுசு இல்லை. கம்ப்யூட்டரை ஒரு கையில் மவுஸும் ஒரு கையில் விசையுமாகத்தான் காட்டினார்கள்.

போன வாரம் வரை இதே ஆட்கள் கடைக்கு வந்து "கீபோர்டை மாத்துங்க காக்கா, ஸ்பேஸ்பார் கடகடங்குது" என்றவர்கள். கடற்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? மாற்றினாலும் பேச்சு.

இவ்வளவும் நான் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். ஒரே ஒரு கமெண்ட். "பீச்சாங்கையாலயா நிக்காஹ் பத்திரிகை அடிக்கிறாரு?"

சின்ன வயசில் இடது கையால் பலப்பம் பிடித்ததற்கு முட்டியில் பிரம்படி வாங்கியவன் நான். வாத்தியார் அடித்ததைவிட, கூட இருந்த பையன்கள் சிரித்ததுதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உம்மா மட்டும் "எந்தக் கையா இருந்தா என்ன, எழுத்து அழகா இருக்குல்ல" என்றார்கள். சாப்பிடுவதற்கு வலது கைதான், அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மார்க்கம் பேசுகிற தம்பிக்கு ஒரு தகவல். தமிழ்99-இல் உயிரெழுத்து பன்னிரண்டும் இடது கைப் பக்கம். அல்லாஹ் என்று நீங்கள் அடிக்கும்போது அந்த முதல் "அ" உங்கள் இடது கைச் சுண்டுவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அடித்தாலும் அதே விரல்தான். கீபோர்டைத் திருப்பிப் போட்டு அடிக்கிறீர்களா?

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து மனு எழுத வருகிறவர்கள் ஒருத்தர்கூட என் மேசையைப் பார்த்ததில்லை. தாளைத்தான் பார்ப்பார்கள். பெயர் சரியா, படகு நம்பர் சரியா, அவ்வளவுதான். படித்தவர்கள்தான் லைட்டைப் பார்க்கிறீர்கள். கல்ஃபில் பிள்ளைக்குப் பெரிய ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்து ராத்திரி முழுக்க விளையாட விடுகிறவர்கள்தான் எனக்குப் பொறுப்பு சொல்லித்தருகிறீர்கள்.

"ஒரு கிண்டலுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், பெரியதுதான். முழுக்க அந்தச் சாமானில்தான் அடித்தேன், ஒற்றுப்பிழை இருந்தால் காட்டுங்கள். கீழே கேம் என்று எழுதுகிறவர்களின் கமெண்ட்டை நீக்கிவிடுவேன். பீச்சாங்கை என்று எழுதுகிறவர்கள் கடைக்கே வர வேண்டாம், முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தருகிறேன்.